ஹனீபின் ஐந்தாவது தோட்டா

மாட்டுங்கா
18 ஆகஸ்ட் 2024

அக்தர் பானுவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஏழு வருடமாக உன் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வாப்பா ஹனீப், இருபது வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்தவர், கிளப் தேர்தலில் எனக்கு எதிராகக் கை தூக்கினார். துப்பாக்கியின் எந்த முனையில் குண்டு வெளியே வரும் என்று யோசித்துச் சொல்லக்கூடிய சுரேந்திரனைச் செயலாளர் ஆக்கினார். அதை நான் மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை. இந்தக் கடிதத்தால் அது மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு கிளப்பின் சுடும் ரேஞ்சில் உன்னைப் பார்த்தேன். கடைசித் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்ததால் நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய். உன் கையில் ஹனீபின் ரிவால்வர் இருந்தது.

அந்த ரிவால்வரைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரே அபிப்பிராயம்தான். அது ஓர் அற்புதம். அலுமினியக் கலவையில் உடல், டைட்டானியத்தில் சிலிண்டர், ஐந்து அறை, மூன்று ஐம்பத்தேழு மேக்னம் தோட்டா. அவ்வளவு பெரிய தோட்டாவைச் சுடும் கருவி, ஒரு டம்ளர் நிறைய காப்பியின் எடைதான் இருக்கும். அதை வடிவமைத்தவனை நேரில் பார்த்தால் கை கொடுப்பேன். எங்கள் கம்பெனியில் முப்பது வருடம் எனக்கு மேலே உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்த மரியாதையை நான் செய்ததில்லை.

ஆனால் எடை இல்லாத துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கொள்ளாது. முழுவதையும் கைக்கு அனுப்பிவிடும். நீ சுட்டது மிகக் கனமான குண்டு, முழு மருந்து. சத்தத்திலேயே தெரிந்தது. பிடியோ, உன் வாப்பா ஆசைப்பட்டுப் போட்ட பளபளப்பான ஈட்டி மரம். அது இரண்டு பக்கத்தையும்தான் மூடுகிறது. பின்முதுகு வெறும் உலோகம். ஒவ்வொரு முறையும் அந்த உலோகம் உன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுத்தியல் மாதிரி இறங்குகிறது. இரண்டாவது தோட்டாவுக்குப் பிறகு நீ கையை உதறினாய். மூன்றாவதில் சுடுவதற்கு முன்பே கண் சிமிட்டினாய். அப்படியும் மூன்றும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு தப்பான சாமான்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சரியாகச் சுட யாராலும் முடியாது.

பின்முதுகை மூடும் ரப்பர் பிடி வாங்கு. இலேசான தோட்டாவுக்கு மாறு. வேறொன்றும் சொல்ல வரவில்லை.

இப்படிக்கு,
ஆர். சுந்தரராமன், பி.இ.,
துணைப் பொது மேலாளர் (ஓய்வு)


தாராவி
25 ஆகஸ்ட் 2024

சுந்தரராமன் சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு வர அதற்கு நான்கு நாள் ஆனது. தபால்காரர், "இதைக் கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள நீங்களே போய் வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

முன்பு உங்களை மாமா என்று கூப்பிடுவேன். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த அன்று கிளப்பிலிருந்து எல்லோரும் வந்தார்கள், நீங்கள் திட்டுகிற சுரேந்திரன் உட்பட. நீங்கள் வரவில்லை. அதனால் சார். என் வயது நாற்பத்திரண்டு. ஒரு தோல் பட்டறையை நடத்துகிறேன். யாரும் தடுப்புக்குப் பின்னால் நின்று என் கையைக் கண்காணிக்க வேண்டியதில்லை.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கை உண்மையாகவே வலிக்கிறது. தோல் வெட்டுகிற கத்தியைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை. எங்கள் வெட்டு மாஸ்டர் பிச்சையா கேட்கிறார்:

"எக்கா, கை பணியாரம் மாதிரி வீங்கிக் கெடக்கு. நீங்க துப்பாக்கியச் சுடுதீகளா, துப்பாக்கி ஒங்களச் சுடுதா?"

"வேலையப் பாருங்க மாஸ்டர்."

"வேல பாக்கத்தான் கை வேணும்னு சொல்லுதேன்."

தோட்டா நானாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. வாப்பா வைத்திருந்த காலிப் பெட்டியைக் கோட்டைப் பக்கத்துக் கடையில் காட்டி இதே வேண்டும் என்றேன். கொடுத்தார்கள்.

கிளப்பின் தசராப் போட்டியில் அந்த ரிவால்வரோடுதான் நிற்பேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வாப்பா ஒவ்வொரு தசராவுக்கும் அதோடு நின்றார், ஒரு முறையும் கோப்பை வாங்கவில்லை. ஒன்று புள்ளி குறையும், இல்லாவிட்டால் சிலிண்டர் பாதியில் இறுகி நின்றுவிடும். "ஹனீப் பாய் வண்டி ப்ரேக்டவுன்" என்று கத்திச் சிரித்தது யார் என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கும்பலில் நீங்களும் இருந்தீர்கள்.

என் தம்பி இஜாஸ் சொல்கிறான்: "லாத்தா, அது ராசியில்லாத சாமான். வித்துரு. இல்ல போலீஸ் ஸ்டேஷன்ல ஜமா பண்ணிரு." நான் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த தசராவிலும் அது நின்றுவிட்டால் விற்றுவிடுவேன். நிற்காவிட்டால் அதைப் பற்றி அவன் வாய் திறக்கக் கூடாது.

ஒன்று கேட்கிறேன். அதே போட்டியில் நீங்களும் சுடுகிறீர்கள். மூன்று முறை கோப்பை வாங்கியவர். எனக்கு எதற்கு யோசனை சொல்கிறீர்கள்?

எந்த ரப்பர் பிடி என்று எழுதவில்லை.

அக்தர் பானு


மாட்டுங்கா
1 செப்டம்பர் 2024

அக்தர் பானுவுக்கு,

எதற்கு யோசனை சொல்கிறேன் என்று கேட்டிருந்தாய். கை வீங்கிய ஆளைத் தோற்கடித்து வாங்கிய கோப்பையை என் வீட்டு ஷோகேஸில் வைக்க இடமில்லை. அவ்வளவுதான்.

சிரித்தவர்களில் நானும் இருந்தேன். ஹனீப் கை தூக்கிய பிறகு நடந்த போட்டி அது. சிரிக்க எனக்கு உரிமை இருந்ததாகவே இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி பிடி. ரப்பர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதே. கடைக்காரர் மிகப் பெரியதை எடுத்துக் காட்டுவார், மெத்தென்று இருக்கும், உடனே பிடித்துப்போகும். வாங்காதே. பிடி பருத்தால் உன் விரல் ட்ரிகரை எட்டாது. எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்புவாய். அப்போது உதை முன்கைக்கு நேராக வராமல் கட்டைவிரல் மூட்டில் போய் முட்டும். சோதனை சுலபம். காலித் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார். குழலும் உன் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அந்த நிலையில் விரலின் முதல் கணு ட்ரிகரில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அது உன் பிடி. சுண்டுவிரல் கீழே தொங்காமல் நிற்க இடம் இருக்கிறதா என்றும் பார். ஹனீபின் மரப் பிடியில் அந்த இடம் இல்லை. அழகுக்காகக் கீழே வெட்டிவிட்டார்.

தோட்டா. கனமான குண்டு அதிகம் உதைக்கும், மிக இலேசானது அந்தச் சிலிண்டருக்கு ஆகாது. தயாரித்தவனே குழலில் எச்சரிக்கை பொறித்திருக்கிறான், படித்துப் பார். நடுத்தரமான எடை, குறைந்த மருந்து, குண்டின் மேல் செம்பு உறை. உறையில்லாத வெறும் ஈயம் வேண்டாம். நம் போட்டி காகிதத்தோடுதான். காகிதத்தில் ஓட்டை விழ யானையைக் கொல்லும் மருந்து தேவையில்லை.

சிலிண்டர் நின்றது பற்றி எழுதியிருந்தாய். உன்னிடமும் நின்றதா, எத்தனையாவது தோட்டாவில் என்று எழுது. துடைக்காமல் விட்டதால் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஆனால் ஹனீப் என்னைவிட ஒழுங்காகத் துடைப்பவர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஷ்யாமளா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, ப்ரிட்ஜை ஏறி இறங்கினா அவா வீடு. அதுக்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டணுமா?"

"பேச்சுவார்த்தை கிடையாது. உனக்குத் தெரியுமோல்லியோ?"

"பேச்சுவார்த்தை இல்லாமலா நாலு பக்கம் எழுதறேள்? என்னண்ட நாலு வார்த்தை பேசி நாலு நாள் ஆறது."

இப்படிக்கு,
ஆர். சுந்தரராமன், பி.இ.


தாராவி
16 செப்டம்பர் 2024

சுந்தரராமன் சாருக்கு,

இந்த முறை துணைப் பொது மேலாளரைக் காணோம். வேலையை விட்டு நீக்கிவிட்டீர்களா?

பிடி வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே கடைக்காரர் முதலில் பெரியதைத்தான் எடுத்தார். "மேடம், இது பிடிச்சிப் பாருங்க, தலகாணி மாதிரி." நான் முன்கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக் கோடு பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு நான்காவது பிடியைத் தானாகவே எடுத்து வைத்தார். அது உட்கார்ந்தது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் வழுக்கியது. பட்டறையில் மெல்லிய ஆட்டுத்தோலை மேலும் சீவி அந்த இடத்தில் ஒட்டினேன். தோலை நீங்கள் எனக்குச் சொல்லித்தர முடியாது.

ஈட்டி மரப் பிடியைக் கழற்றியபோது உள்பக்கத்தில் வாப்பாவின் வியர்வைக் கறை இருந்தது. துடைக்காமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

தோட்டாவும் நீங்கள் சொன்னதே. சுட்ட முதல் ஞாயிறு நம்ப முடியவில்லை. துப்பாக்கி எகிறவில்லை, லேசாக எழுந்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. பிச்சையா திங்கட்கிழமை என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எக்கா, துப்பாக்கிக்குப் புத்தி வந்துட்டோ?" என்றார்.

ஆனால் நேற்று சிலிண்டர் நின்றுவிட்டது. மூன்று சுட்டேன். நான்காவதற்கு ட்ரிகரை இழுத்தால் கல் மாதிரி இருந்தது. உதுமான் பாய்தான் ஆயுத அறையிலிருந்து வந்து ஜாக்கிரதையாகத் திறந்து தந்தார். இஜாஸ் கூட வந்திருந்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைவிடச் சிரித்திருக்கலாம்.

எத்தனையாவது தோட்டாவில் என்று கேட்டீர்கள். பயிற்சியில் நான் ஐந்தைச் சுடுவதே இல்லை. ஐந்தைப் போட்டு நாலைச் சுடுவேன். வாப்பாவின் வழக்கம் அது. எங்கள் வீட்டில் சோற்றுப் பானையை அடிவரைக்கும் சுரண்ட மாட்டோம், ஒரு கை சோறு பரக்கத்துக்கு, அதாவது வீட்டில் வளம் நிலைக்க, இருக்க வேண்டும் என்று உம்மா விட்டுவைப்பார். லைசென்ஸில் தோட்டா அளந்துதானே தருகிறார்கள், அதனால் வாப்பா தோட்டாவுக்கும் அதையே செய்தார். ஒன்றைச் சுடாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அடுத்த வாரம் அதோடு புதிதாக நான்கு. தசரா அன்றைக்கு மட்டும்தான் அந்த ஒன்றும் செலவாகும், பிறகு புதிதாக ஒன்றை எடுத்து வைப்பார். இப்போது நான் வைத்திருப்பது போன தசராவுக்குப் பிறகு அவர் கையால் எடுத்து வைத்தது. என்னிடம் மிச்சமிருக்கிற அவருடைய தோட்டா அது ஒன்றுதான். அதை இந்தப் போட்டியில் சுட வேண்டும்.

துடைப்பதில் குறை இல்லை. உண்மையிலேயே ராசிதானா?

பானு


மாட்டுங்கா
20 செப்டம்பர் 2024

பானு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். அந்தத் தோட்டாவை மறுபடி சிலிண்டரில் போடாதே.

ராசி இல்லை. நீ கடையில் முதலில் வாங்கிய பெட்டியிலிருந்து அதே ரகத்தில் புதிய ஒன்றை எடு. மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வை. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார். அவர் எடுத்து வைத்தது உயரமாக இருக்கும்.

ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது. பக்கத்து அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் பித்தளைக் குப்பியையும் அது கூடவே இழுக்கிறது. குப்பி போய்விடுகிறது, உள்ளே இருக்கும் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு உதைக்கும் குண்டு குப்பியிலிருந்து மயிரிழை வெளியே வருகிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிறவன் பின்னால் சாய்வான் இல்லையா, அதுதான். கனத்த இரும்புத் துப்பாக்கியில் இது தெரியாது. காப்பி டம்ளர் எடையுள்ள துப்பாக்கியில், கனமான குண்டில், அதுவும் உறையில்லாத ஈயத்தில், நன்றாகவே நடக்கும். ஒரு நாளில் நான்கு உதை வாங்கினால் பரவாயில்லை. ஹனீபின் தோட்டா வருடம் முழுக்க, வாராவாரம் மற்ற நான்கின் உதையையும் வாங்கிக்கொண்டிருந்தது. குண்டு சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டியதும் துப்பாக்கியின் சட்டத்தில் தட்டிவிடும். சிலிண்டர் சுற்றாது.

வருடம் முழுக்கப் பரக்கத்துக்கென்று வைத்ததை, வருடத்தில் ஒரே நாள், போட்டியன்று, அவர் நம்பிப் போட்டார். அது அவரைக் கைவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். எப்படிச் சொல்வார், நான்தான் பேசவில்லையே. ஆனால் அதற்கு முந்தைய இருபது வருடம் பேசிக்கொண்டுதானே இருந்தோம். அப்போதும் சொல்லவில்லை. அந்த மனிதர் தன் வீட்டுச் சோற்றுப் பானையைப் பற்றி வெளியே பேசாதவர்.

குறடால் உள்ளே தள்ளிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். உதுமானிடம் கொடு, முறைப்படி அழிப்பார். போட்டியில் ஐந்தும் புதியவை. இனி பயிற்சியிலும் ஐந்தையும் சுடு.

அது உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அப்படியும் சொல்கிறேன்.

சுந்தரராமன்


தாராவி
30 செப்டம்பர் 2024

மாமா,

நிற்க வைத்துப் பார்த்தேன். அக்காவும் தங்கையும்போல நின்றன. வாப்பாவுடையதுதான் அக்கா. இஜாஸைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தான். "இதுக்காடா வாப்பாவப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க?" என்றேன். அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு முழுவதும் உங்கள்மேல் எனக்குக் கோபம். சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்பதற்காக. வாப்பா தொட்டு வைத்த ஒரே ஒன்று அது, அதுவே அவரைத் தோற்கடித்தது என்று எழுத்தில் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறீர்கள். தனியாகப் படித்துவிட்டு உம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். கடைசியில் சொன்னேன். உம்மா சிரித்தார். "பரக்கத்து சோத்துலதாம்மா. இரும்புல என்ன பரக்கத்து? ஒங்க வாப்பாக்குச் சோறும் ஒண்ணுதான், தோட்டாவும் ஒண்ணுதான்."

ஞாயிறன்று உதுமான் பாய் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் சட்டைப் பை இலேசாகத் தெரிந்தது. அவ்வளவு சின்னதற்கு அவ்வளவு கனமா.

பிறகு ஐந்தையும் சுட்டேன். பழக்கமில்லாததால் நான்கானதும் கை தானாக நின்றுவிட்டது. உதுமான் பாய் பின்னாலிருந்து, "இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

தசராவன்று உங்களைத் தோற்கடிப்பேன். விட்டுக்கொடுத்தால் மறுபடி சார் ஆகிவிடுவீர்கள், அதுவும் நிரந்தரமாக.

ஒரே ஒரு வருத்தம். போட்டி முடிந்தால் வாப்பா ரேஞ்சிலிருந்து வீடு வரும்வரை நான் எப்படிச் சுட்டேன் என்று சொல்லிக்கொண்டே வருவார். டாக்ஸியில், சிக்னலில், சந்துக்குள் நுழைந்த பிறகும். "சுடுறவனுக்குத் தன் முதுகு தெரியாதும்மா" என்பார். இந்த முறை வழியெல்லாம் இஜாஸ் போனைப் பார்த்துக்கொண்டு வருவான்.

பானு


மாட்டுங்கா
20 அக்டோபர் 2024

பானு,

கோப்பையை உன் கையில் கொடுத்ததும் நான் கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்று சுரேந்திரன் சொல்லியிருப்பான். சொல்லட்டும். சட்டசபைத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், விதிப்படி ஒப்படைத்த என் துப்பாக்கி இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது. உன்னுடையதும் அங்கேதான் இருக்கும். ஒருவேளை பக்கத்துப் பக்கத்தில். நாம் செய்யாததை அவை செய்யட்டும்.

உன் முதுகு எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

நீ கோட்டுக்கு வந்தபோது காலை வெயில் உன் இடது தோளில் இருந்தது. இடது காலை அரை அடி பின்னால் வைத்தாய், பிறகு மனம் மாறி முன்னால் கொண்டுவந்தாய். அது சரி. தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டாய், ஒவ்வொன்றையும் போடும் முன் விரலால் அதன் மூக்கைத் தடவிப் பார்த்தாய். அதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. தோல் வேலை செய்கிறவளின் விரல் அது.

முதல் தோட்டாவுக்கு மூச்சை முழுக்க இழுத்துப் பாதி விட்டாய். தோள் இறங்கியது, பிறகு அசையவில்லை. துப்பாக்கி எழுந்தது, உன் முழங்கை அதை வாங்கிக்கொண்டது, திரும்பி வந்து இலக்கில் நின்றது. இரண்டாவதும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் நீ அவசரப்படவில்லை. என் பக்கத்தில் நின்ற பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவதில் கொஞ்சம் இடது பக்கம் போனது, அது உனக்கே தெரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டாய். ஆட்டக் கூடாது. அடுத்த முறை ஆட்டாதே.

நான்காவதற்கு முன்னால் கையைத் தாழ்த்தி நின்றாய். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் ஹனீபின் வண்டி ஞாபகம் வந்தது. எனக்கும்தான். உன் தம்பி கண்ணை மூடிக்கொண்டான், நான் பார்த்தேன். நீ கையைத் தூக்கினாய். சிலிண்டர் சுற்றியது. இத்தனை வருடம் எத்தனையோ இயந்திரம் சுற்றுவதைப் பார்த்தவன் நான். இதுபோல் எதையும் எதிர்பார்த்து நின்றதில்லை.

ஐந்தாவதற்குப் போனபோது உன் தோள் எழும்பியது. சிரிக்கிறாய் என்று நினைத்தேன். சிரிப்போ அழுகையோ, அது அடங்கும்வரை காத்திருந்தாய். அவசரப்பட்டிருந்தால் கோப்பை எனக்கு வந்திருக்கும். நீ காத்திருந்தாய், சுட்டாய், நடு வட்டத்தின் விளிம்பைக் கிழித்தாய். பிறகு சிலிண்டரைத் திறந்து ஐந்து காலிக் குப்பிகளையும் உள்ளங்கையில் கொட்டி, எண்ணாமல், மூடிக்கொண்டாய்.

இதைவிட நன்றாகச் சுட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிட நன்றாக நின்றவரைப் பார்த்ததில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை, என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள். என்னால் முடிந்ததையெல்லாம் கொடுத்துத்தான் தோற்றேன்.

கிளப் தேர்தல் விஷயத்தில் ஹனீப் செய்தது தப்புதான். அதில் நான் மாறவில்லை. அவர் போன அன்று உன் வீட்டுக்கு வந்திருந்தால் இனி அவரிடம் சண்டை போட முடியாதே என்று அழுதிருப்பேன். அதனால்தான் வரவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் இப்படிக்கு என்று எழுதிப் பெயரும் பட்டமும் போடுவேன். எழுதிவிட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே இருப்பது நான் எழுதவேண்டிய கடிதம் இல்லை. டாக்ஸியில் ஆரம்பித்து உங்கள் சந்துக்குள் நுழையும்வரை ஹனீப் சொல்லியிருக்க வேண்டியது. அவர் பேச்சுக்குக் கீழே என் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஷ்யாமளா தபால்தலையை ஒட்டி வைத்துவிட்டாள். கையெழுத்து இல்லாமலே போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.